கட்டம் தவறிய அடி

"சுத்தி வைக்கிறதுக்கெல்லாம் நேரமில்லை இம்தியாஸ், அப்படியே அள்ளு!"

சொல்லிக்கொண்டே இவாஞ்சலின் எலெக்ட்ரானிக் டிரம்ஸை ஸ்டாண்டோடு சேர்த்துத் தூக்கிவிட்டாள். முதுகில் கிட்டார். காதுக்கும் தோளுக்கும் நடுவில் செல்போன். போனில் டாக்டர் மங்கையர்க்கரசியின் குரல் வழக்கமான நிதானத்தைத் தொலைத்திருந்தது.

"திரையில கோடு இறங்கிக்கிட்டே இருக்கும்மா. ரெண்டாவது பாட்டு பாதிகூடத் தாண்டலை."

"ரெண்டாவதா? டாக்டர், அது தீபாவளி வரைக்கும் தாங்க வேண்டிய ஆல்பம்! காலையிலதானே ஏத்தினோம்!"

"ஏத்தினதைத்தான் சொல்றேன். புதுசா வேற என்ன இருக்கு உங்ககிட்ட?"

"ஒரு பாட்டு இருக்கு. இன்னும் ரெக்கார்ட் பண்ணலை."

"பண்ணிக்கிட்டு உட்காராதீங்க. இங்கேயே வந்து நேரா வாசிங்க. சீக்கிரம்."

போன் செத்தது. இம்தியாஸ் இடது கையால் ஒரு மூட்டை வயரை வாரித் தோளில் போட்டுக்கொண்டான். வலது கை சட்டையின் முழுக்கைக்குள் இருந்தது. அந்தக் கையால் அவன் கொஞ்ச நாளாகவே எதையும் தூக்குவதில்லை.

படியிறங்கினார்கள். கீழே டயர் கடை. பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா, இன்னிக்கு மாடியில பேய் கத்தலையேன்னு பார்த்தேன். வீட்டைக் காலி பண்றீங்களா?"

பெரம்பூர் நெடுஞ்சாலையில் உச்சி வெயில். கையைக் காட்டாமலே ஓர் ஆட்டோ வந்து நின்றது.

"கச்சேரியா மேடம்?" என்றார் ஆட்டோக்காரர், டிரம்ஸ் உள்ளே ஏறுவதை ரசித்தபடி.

"ஆமா. கீழ்ப்பாக்கம். கொஞ்சம் பறங்க."

"கீழ்ப்பாக்கத்துல எந்த சபா?"

"ஆஸ்பத்திரி."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவளை ஒரு தரம் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த கிண்டல் இறங்கிவிட்டது.

"சலிப்புத் தூக்கமா?"

"என் புருஷன்."

"எங்க சகலையோட அப்பாவுக்கு வந்துச்சு மேடம். அந்தக் காதுக்குப் பின்னால வைக்கிற மிஷினை எப்படியோ தர்ம ஆஸ்பத்திரியில வாங்கி வச்சுட்டோம். ஆனா போட்டு விடறதுக்குப் புதுப் பாட்டு வேணுமே? பழைய பாட்டுதான் போட்டோம். பல்லவி முடியறதுக்குள்ள போயிட்டாரு." ஹாரனை அழுத்தினார். "எங்க ரேடியோவுல எல்லாம் இப்ப பழைய பாட்டுதான் வருது, கவனிச்சீங்களா? புதுசு அத்தனையும் பணக்காரங்க படுக்கைக்குப் போயிடுது. வெளிய விட்டா எவனாவது பேஷண்ட் கேட்டுருவானாம், மருந்து வீணாப் போயிடுமாம்."

இவா வெளியே எட்டிப் பார்த்தாள். ஓட்டேரி சிக்னல் சிவப்பில் இருந்தது. அது பச்சையாகும் வரை பேசாமலிருந்தால் தான் அலறிவிடுவோம் என்று அவளுக்குத் தோன்றியது. நல்லவேளை, ஆட்டோக்காரரே கேட்டார்.

"உங்க வீட்டுக்காரருக்கு என்ன பாட்டு?"

"டெத் மெட்டல்," என்றான் இம்தியாஸ். "அதுலயும் டெக்னிக்கல்."

"அப்படின்னா?"

"மிக்ஸியில ஒரு கை ஆணியை அள்ளிப் போட்டு ஓட விடுங்க. அது ஓடுற சத்தத்துல ஒருத்தன் உக்காந்து கணக்கு டியூஷன் எடுக்கிறான்னு வைங்க. அதான்."

ஆட்டோக்காரர் கொஞ்சம் யோசித்தார்.

"அதைக் கேட்டும் ஒரு மனுஷன் தூங்கறாரா?"

சிக்னல் விழுந்தது.

*

ஆணி போட்ட மிக்ஸிக்கு 'எலும்புக் கணக்கு' என்று பெயர். பெரம்பூரில் மூன்று பேர் வேலைக்குப் போய்வந்த நேரம் போக மீதி நேரத்தில் நடத்திய இசைக்குழு. இவா கிட்டார்; பாட்டுகளைக் கட்டுவதும் அவள்தான். ரயில்வேயில் வெல்டராக இருந்த இம்தியாஸ் டிரம்ஸ். கிளமென்ட் குரல். சாதாரணக் குரல் இல்லை, வயிற்றின் அடியிலிருந்து கிளம்பி நிலத்துக்கடியில் எதையோ எழுப்புகிற உறுமல். பகலில் அவன் ஒரு கான்வென்ட் பள்ளியில் குழந்தைகளுக்கு 'பாபா பிளாக் ஷீப்' சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அந்தக் குரலில் அல்ல.

முதல் ஆல்பம் 'அழுகல் விதிகள்'. அடுத்தது 'மண்டையோட்டு வடிவியல்'. ஏழு மாத்திரையில் ஆரம்பித்து, பதினொன்றுக்குத் தாவி, நடுவில் ஒன்றைத் தின்றுவிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி திரும்ப ஏழில் வந்து நிற்கும் பாட்டுகள். உலகம் முழுக்கச் சேர்த்தால் ஒரு கல்யாண மண்டபம் நிறையும் அளவுக்கு ரசிகர்கள். அவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பிறகுதான் வகுப்பில் 'பாபா பிளாக் ஷீப்' நடுவில் கிளமென்ட் தூங்கிவிழுந்தான்.

"மூளை ஒரு சோம்பேறி குமாஸ்தா," என்று அன்றைக்கு டாக்டர் மங்கையர்க்கரசி சொன்னார். "அடுத்து என்ன வரப்போகுதுன்னு கணக்குப் போட்டு வச்சிருக்கும். கணக்கு சரியா வந்தா தலையைத் தூக்காது. தப்பினாத்தான் எழுந்து பார்க்கும். இந்த நோய் வந்தவங்களுக்கு அந்த குமாஸ்தா ரொம்பக் கெட்டிக்காரனாயிடறான். எல்லாத்தையும் முன்கூட்டியே கண்டுபிடிச்சிடறான். கண்டுபிடிச்சதும் விளக்கை அணைச்சிட்டுப் படுத்துடறான். கடைசியில மூச்சையும் சேர்த்து அணைச்சிடறான்."

"பேச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தா?"

"பேச்சு ரொம்ப மெதுவும்மா. நிமிஷத்துக்கு நூத்துக்கணக்குல அவன் கணக்கு தப்பணும். இசையாலதான் அது முடியும். அதுவும் எந்த இசைன்னா, அவர் ஊறிப்போன இசை. எனக்கு உங்க டெத் மெட்டலைப் போட்டா வெறும் இரைச்சல். நான் எதையும் எதிர்பார்க்கவே மாட்டேன், அப்புறம் எங்க ஏமாறுறது? அவர் எதிர்பார்ப்பார். அவரை அங்கதான் ஏமாத்த முடியும்."

கிளமென்ட்டின் காதுக்குப் பின்னால் 'உசுப்பி' உட்கார்ந்தது. வெளிச் சத்தம் எதுவுமில்லாமல் நேராகச் செவி நரம்புக்குள் இசையை இறக்கும் சின்ன யந்திரம். உலகத்தில் வந்த டெத் மெட்டல் ஆல்பங்கள் அனைத்தையும் அவன் ஏற்கெனவே கரைத்துக் குடித்திருந்தான். நார்வேக்காரர்களும் பிரேசில்காரர்களும் விஷயம் கேள்விப்பட்டு வெளியிடாத ஆல்பங்களை அனுப்பிவைத்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு பொழுது தாங்கியது. கம்ப்யூட்டரே இட்டுக்கட்டிய பாட்டுகளின் சூட்சுமத்தை அவன் மூளை காபி ஆறுவதற்குள் பிடித்துவிட்டது.

தாங்கியது இவா கட்டிய பாட்டுகள் மட்டும்தான். ஒருவன் எதை எதிர்பார்ப்பான் என்று தெரிந்தவள்தானே அவனை ஏமாற்ற முடியும்? அவள் வேலையை விட்டாள். கிளமென்ட் படுத்துவிட்டதால் உறுமலையும் அவளே கற்றுக்கொண்டாள். டயர் கடைக்காரர் சொன்ன பேய் அவள்தான். ஆல்பத்துக்குப் பின் ஆல்பம். ஆச்சரியம் என்னவென்றால், ஒவ்வொன்றும் முந்தியதைவிட அதிக நாள் தாங்கியது. தன் மூளை தீட்டத் தீட்டக் கூர்மையாகிக்கொண்டே போகிறது என்று அவள் உள்ளுக்குள் பெருமைப்பட்டாள். அந்தப் பெருமை ஒன்றுதான் அவளுக்கு மிச்சமிருந்த சந்தோஷம்.

கிளமென்ட் தினமும் சில மணி நேரம் விழித்திருந்தான். சாப்பிட்டான். நர்ஸுகளைக் கலாட்டா செய்தான். போன ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தபோது ஒருநாள் முகத்தைச் சுளித்தான்.

"இவா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"மாட்டேன், சொல்லு."

"எல்லாமே அவசரச் சமையலா இருக்கு. அடி அங்கங்க வழியுது. இதை எவனாவது கேட்டா எலும்புக் கணக்கா இதுன்னு காறித் துப்புவான். அடுத்ததையாவது ஒழுங்கா பண்ணேன். ஒவ்வொரு அடியும் கட்டத்துல போய் உட்காரணும். ஒரு முடி கூட நகரக் கூடாது."

அந்த இசையில் இது மானப் பிரச்சினை. கம்ப்யூட்டர் திரையில் காலம் சின்னச் சின்னக் கட்டங்களாகக் கோடு போட்டிருக்கும். மனிதன் அடிக்கும் அடி கட்டத்துக்குக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோதான் விழும். மவுஸால் ஒவ்வொன்றையும் பிடித்து இழுத்துக் கட்டத்தின் கோட்டில் உட்கார வைக்க வேண்டும். ஒரு பாட்டுக்கு ஆயிரக்கணக்கான அடிகள். நல்ல குழுக்கள் அதைத் தவமாகச் செய்யும். உயிரைக் காப்பாற்றும் அவசரத்தில் இவா அதை விட்டுவிட்டிருந்தாள்.

அவன் கேட்ட பிறகு விடவில்லை. 'முதுகெலும்பின் இலக்கணம்' என்று புது ஆல்பம். கண்ணில் நீர் வடிய வடிய ஒவ்வொரு அடியையும் இழுத்து உட்கார வைத்தாள்.

சண்டை போட்டது இம்தியாஸ்தான்.

"வேணாம் இவா. அடிச்சது அடிச்சபடியே இருக்கட்டும்."

"ஏன், உன் வாசிப்பைத் திருத்தினா உனக்குக் கௌரவக் குறைச்சலா?"

"அதெல்லாம் இல்லை."

"பின்னே என்ன?"

"உயிரா இருக்கும்ல, அதுக்குச் சொல்றேன்."

"உயிரோட இருக்கணும்னுதான்டா நான் கண்ணை அவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்!"

அவன் சட்டையின் முழுக்கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டான். மறுநாள் திரும்பவும் வந்து அதே சண்டையைப் போட்டான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேலை முடிந்ததும் குழுவின் வழக்கப்படி, திருத்தாத பச்சை ஒலிப்பதிவுகளை ஒன்று விடாமல் அழித்தாள். அது கிளமென்ட் வைத்த சட்டம். பழைய பேஸ் கிட்டார்க்காரன் ஒருவன் ஒரு சொதப்பல் பதிவை நண்பர்களுக்கு அனுப்பிச் சிரித்ததிலிருந்து, எலும்புக் கணக்கு தன் குப்பையை வீட்டில் வைத்துக்கொள்வதில்லை.

இன்று காலை ஆல்பத்தை ஏற்றும்போது கிளமென்ட் கேட்டான்.

"எல்லா அடியும் கட்டத்துல இருக்கா?"

"ஒண்ணு பாக்கியில்லாம."

"என் தங்கம்," என்றான். அவள் கன்னத்தைத் தட்டினான். அவள் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தாள்.

*

படுக்கையில் கிளமென்ட் மல்லாந்து கிடந்தான். தலைமாட்டுத் திரையில் அவன் விழிப்பைக் காட்டும் பச்சைக் கோடு கிட்டத்தட்டப் படுத்துவிட்டிருந்தது. டாக்டர் மங்கையர்க்கரசி கதவை உள்ளே தாழிட்டார்.

"ஆரம்பிங்க."

இம்தியாஸ் ஸ்டாண்டைப் பிரித்தான். இவா கிட்டாரையும் டிரம்ஸையும் ஒரு சின்ன மிக்ஸருக்குள் சொருகி, அதன் வாயை உசுப்பியோடு இணைத்தாள். அறையில் ஸ்பீக்கர் கிடையாது. ரப்பரில் குச்சி விழும் டொக் டொக்கும், வெறும் கம்பிகளின் கிர்க் கிர்க்கும்தான் மற்றவர்களுக்குக் கேட்கும். உலகத்திலேயே பெரிய சத்தம் ஒரே ஒருவன் தலைக்குள்.

"பதிமூணுல எடு," என்றாள். "தகதிமி தகதிமி தகதகிட... நான் திரும்பறப்ப ஒம்போதுக்கு வா."

எடுத்தான்.

அவள் வாழ்நாளிலேயே கட்டிய நல்ல பாட்டு அதுதான். மூன்று இடத்தில் காலைத் தட்டிவிடும் பாட்டு. முதல் திருப்பம் வந்தது. கோட்டைப் பார்த்தாள்.

அசையவில்லை.

இரண்டாவது. அசையவில்லை. மூன்றாவது திருப்பத்தில் அவள் திட்டத்தையே மாற்றி எதிர்ப்பக்கம் திரும்பினாள். இம்தியாஸ் பிடித்துக்கொண்டான். கோடு படுத்தேதான் கிடந்தது.

"தப்பா வாசிச்சுப் பாருங்கம்மா," என்றார் டாக்டர். அதைச் சொல்லும்போது அவர் இவாவைப் பார்க்கவில்லை.

"என்ன டாக்டர்?"

"சும்மா. பாருங்களேன்."

வேண்டுமென்றே ஒரு சுரத்தைக் கெடுத்தாள். ஒரு மாத்திரை தாமதித்தாள். கன்னாபின்னாவென்று கம்பிகளை அறைந்தாள். ஒன்றும் இல்லை. அவள் தப்பாக வாசித்தால் எப்படி வாசிப்பாள் என்பதும் அந்த மூளைக்குத் தெரிந்திருந்தது. இருபது வருஷக் குடித்தனம். கம்பிக்கு மேல் அவள் விரல் தன்னையறியாமல் பிசகிய நாளே கிடையாது. இனிப் பிசகச் சொன்னால் எங்கே பிசகும்?

"இவா, பழைய வேகத்துக்கு வா," என்று இம்தியாஸ் கத்தினான். "இன்னும் வேகமா!"

"உன் கை..."

"வாயேன்!"

வேகத்தைக் கூட்டினாள். அவன் வலது கை மழையாக இறங்கியது. இறங்கி, நடுவில் ஓர் அடி வழுக்கியது. மணிக்கட்டில் ஏதோ சுண்டிய மாதிரி. குச்சி கட்டத்துக்குக் கொஞ்சம் பின்னால், கொஞ்சம் சாய்வாக விழுந்தது.

கோடு துள்ளியது.

இன்னொரு வழுக்கல். இன்னொரு துள்ளல். சரியாக விழுந்த நூறு அடிக்கு ஒன்றுமில்லை. வலித்துப்போய் நழுவிய ஒவ்வோர் அடிக்கும் கோடு எகிறியது. அவன் மணிக்கட்டு எப்போது துடிக்கும் என்று அவனுக்கே தெரியாது. படுத்திருப்பவனுக்கு எப்படித் தெரியும்?

அவளுக்குச் சட்டென்று எல்லாம் பிடிபட்டது. ஆல்பத்துக்கு ஆல்பம் அதிக நாள் தாங்கியது அவள் புத்தியால் இல்லை. அந்தக் கை கெட்டுக்கொண்டே வந்ததால். கண்ணில் நீர் வடிய வடிய அவள் கட்டத்துக்குள் இழுத்து நேராக்கியதெல்லாம்...

"எவன்டா அது," என்று ஒரு கரகரப்பு எழுந்தது, "கட்டம் தெரியாம அடிக்கிறவன்?"

கிளமென்ட் கண் திறந்திருந்தான்.

"நான்தான் மச்சான்," என்றான் இம்தியாஸ். சிரித்தான். முகம் நனைந்திருந்தது. கை நிற்கவில்லை.

"அதான் கேக்குதே. நிறுத்து."

"நிறுத்தாதே!" என்றாள் இவா. "கிளம், பேசாம இரு. எனக்குப் புரிஞ்சுபோச்சு. திருத்தினதுதான் தப்பு. இனிமே எதையும் திருத்த மாட்டேன். எல்லாத்தையும் அப்படியே ரெக்கார்ட் பண்ணிடலாம்..."

"இவா. அவன் கையைப் பாரு."

பார்த்தாள். முழுக்கைச் சட்டை முழங்கை வரை ஏறியிருந்தது. மணிக்கட்டு எங்கே முடிகிறது, உள்ளங்கை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாத வீக்கம். இரண்டு விரல்கள் குச்சியைப் பிடிக்கவே இல்லை. கட்டை விரலுக்கடியில் குச்சியை பிளாஸ்டரால் சுற்றி ஒட்டியிருந்தான். எப்போது ஒட்டினான்? ஆட்டோவிலா?

"பொங்கலுக்கு அப்புறம் ஒருநாள் டாக்டரம்மாவைக் கேட்டேன்," என்றான் கிளமென்ட். "என்னை எது எழுப்புதுன்னு. அவங்க கோட்டைக் காட்டினாங்க. பாட்டைப் போட்டுக் காட்டினாங்க. உன் திருப்பத்துக்கெல்லாம் நான் எழுந்துக்கலை இவா. ரொம்ப நாளாவே. நீ எங்க திரும்புவேன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நல்லா இருக்கும், அது வேற. ஆனா தெரியும். என்னை எழுப்பினது இவன் கை கதறுற சத்தம். நான் ஒருநாள் முழிச்சுக் கிடக்க இவனுக்கு ஒரு நரம்பு அறுந்துக்கிட்டு இருக்கு. வெல்டிங் வேலையை விட்டுட்டான், உனக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது.

"சொன்னாக் கேக்க மாட்டீங்க ரெண்டு பேரும். அதான் கட்டத்துல உட்கார வைன்னு சொன்னேன். உன்னை மாதிரி சுத்தமா வேற யாரும் பண்ண மாட்டாங்க."

"மச்சான், பேசாதே," என்றான் இம்தியாஸ். பல்லைக் கடித்திருந்தான். "கோடு நல்லா இருக்கு. இப்படியே அடிச்சிருவேன். பழகிடும்."

"பழகினா எனக்கும் பழகிடும்டா மடையா." கிளமென்ட் அவளைத் திரும்பிப் பார்த்தான். "மிக்ஸர் உன்கிட்டதானே இருக்கு?"

இவா தலையை ஆட்டினாள். முடியாது என்றுதான் ஆட்டினாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். கெஞ்சவில்லை. அவசரப்படவும் இல்லை. அவளுக்குப் பக்கத்தில் குச்சி நழுவி, பிளாஸ்டர் கிழிந்து, எலும்போடு எலும்பு உரசுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. இம்தியாஸ் அப்போதும் நிறுத்தவில்லை. டொக். டொக். டடொக்.

அவள் விரல் டிரம்ஸுக்கான நெம்புகோலைத் தொட்டது. பாட்டின் முடிவில் சத்தத்தைத் தேய்த்துக் கொண்டுபோவது போல மெதுவாகக் கீழே இழுத்தாள். பூஜ்யம்வரை. பிறகு கிட்டாரையும்.

இம்தியாஸுக்குத் தெரியாது. ரப்பர் டொக் டொக்கென்று கேட்டுக்கொண்டேதான் இருந்தது. கிளமென்ட்டுக்கு மட்டும்தான் எல்லாம் நின்றிருந்தது. அவன் முகம் தளர்ந்தது. இரண்டு வருஷமாக அவன் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த ஆணி மிக்ஸி ஓய்ந்ததும், உதட்டைக் குவித்து நீளமாக மூச்சை ஊதினான்.

"இருபது வருஷம் சாவைப் பத்தியே உறுமினேன்," என்றான். "நம்ம பாட்டுல ஒருத்தனாவது இவ்வளவு சொகுசா செத்திருக்கானா?"

"கிளம்..."

"அந்தப் பதிமூணு நல்லா இருந்துச்சு இவா. மூணாவது தடவை வேணும்னே எதிர்ப்பக்கம் திரும்பினே பாரு." கண்கள் செருகின. "நீ அப்படித்தான் திரும்புவேன்னு நினைச்சேன்."

கோடு இறங்கியது. இம்தியாஸ் அதைப் பார்த்துவிட்டான். "ஏன் இறங்குது? நான் நல்லாத்தானே... டாக்டர், ஏன் இறங்குது?" இன்னும் வேகமாக அடித்தான். ரப்பர் அதிர்ந்தது. அவனுக்கு மூச்சு வாங்கியது. ஒரு கட்டத்தில் அவன் கண் மிக்ஸருக்குப் போனது. பிறகு இவாவின் விரலுக்கு.

குச்சி தானாக நின்றது.

*

சாயங்காலம் எல்லாக் கையெழுத்தும் முடிந்த பிறகு இவா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எதிர் அறையில் இம்தியாஸின் கைக்கு மாவுக்கட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் அவளோடு பேசவில்லை. பேசுவானா என்றும் தெரியவில்லை.

டாக்டர் மங்கையர்க்கரசி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க என்கிட்ட சொல்லியிருக்கலாம் டாக்டர்," என்றாள் இவா. குரலில் கோபம்கூட மிச்சமில்லை. "அவர் இப்படிக் கேட்டார்னு."

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்ம்மா. எதுக்குக் கேட்டார்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

லிஃப்ட் வந்து, யாரையும் ஏற்றாமல் போனது.

"போகட்டும். அந்தக் கையாவது பிழைச்சுடும்ல? அதுக்காகத்தானே அவர்... இனிமே அவன் டிரம்ஸைத் தொட வேண்டியதில்லை. ஓய்வு குடுத்தா சரியாயிடும். இல்லை ஏதாவது ஆபரேஷன்..."

டாக்டர் மடியிலிருந்த கோட்டை மடித்தார்.

"டாக்டர்?"

"நரம்பு செத்துப்போச்சு இவாஞ்சலின். இன்னிக்கு இல்லை. அது போய் ரொம்ப மாசம் ஆச்சு. இப்ப ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனம் இல்லை."

"கிளமுக்கு இது தெரியுமா?"

"தெரியாது. காப்பாத்திட்டோம்னுதான் நினைச்சிருப்பார்."

இவா எதிர் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் முன்னாடியே யாரும் பண்ணலை? ஆரம்பத்துலயே வந்திருந்தா?"

"வந்தார். போன வருஷம் ஆடி மாசம் நான்தான் கையைப் பார்த்துட்டு எலும்பு டாக்டர்கிட்ட அனுப்பினேன். ரொம்பச் சின்ன ஆபரேஷன். காலையில வந்தா சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம். இம்தியாஸ் சரின்னு வந்து, பச்சைச் சட்டை போட்டுக்கிட்டு மேஜையில படுத்துட்டார்."

"அப்புறம்?"

"அவர் தினம் கிளமென்ட் பக்கத்துல உக்காந்து அந்தக் கோட்டைப் பார்த்துக்கிட்டே இருப்பார், ஞாபகம் இருக்கா? தான் எங்கெங்க தவறினோம்னு அடிச்சவனுக்குத் தெரியாதா? எனக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கார். மயக்க ஊசி போடப் போனப்ப, கூட நின்ன என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டார்." டாக்டர் மடியிலிருந்த கோட்டை இன்னொரு தரம் மடித்தார். "'கை சரியாயிட்டா இனிமே தப்பே வராதா டாக்டர்'னு. வராதுன்னு சொன்னேன். எழுந்து தன் சட்டையை மாட்டிக்கிட்டுப் போயிட்டார்."